இன்ஸாஃபின் இரண்டாவது படம்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. ஒரே ரத்தக்குழாய், இரண்டு படங்கள். முதல் படத்தில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு வளையம். அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்தபின் எடுத்த படத்தில் வளையத்தையே காணோம். ஸ்டென்ட் குழாயை விரிக்கும், சரி. சுண்ணாம்பைத் துடைத்தா எடுக்கும்?

(அலெக்சாண்ட்ரியாவில் ஓர் ஆஸ்பத்திரி. நூல் மாதிரிக் கருவியை இதயக் குழாய்க்குள் விட்டு, உள்ளேயிருந்து படம் எடுப்பது என் வேலை.)

2

இந்தக் கதைக்கு எழுதிய முதல் தொடக்கம்: "டாக்டர் வஜ்தி ஒரு அவசரக்காரர், அன்றும்..."

வேண்டாம். பழி ஸ்டென்ட் வைத்த அவர் தலையில் விழும். விழட்டும் என்றுதான் எழுதினேன், அது வேறு விஷயம்.

இரண்டாவது: "கோளாறு பிடித்த அந்த மெஷின்..."

ஐயோ, மெஷின் பாவம்.

3

இன்ஸாஃப் அம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி. ஈரல் சாண்ட்விச் வண்டி போடுகிறவர். ஸ்டென்ட் வைத்து மூன்று வாரத்தில், இன்று காலை, திரும்ப நெஞ்சுவலியோடு வந்தார்.

டாக்டர் வஜ்தி ஃபைலைப் புரட்டினார். "பாருங்க மதாம், படம் எவ்வளவு சுத்தம்! அருமையா விரிஞ்சிருக்கு. இது வெறும் பயம். மாத்திரை எழுதறேன், வீட்டுக்குப் போங்க."

"பயமா? எனக்கா? கொதிக்கிற எண்ணெய் பக்கத்துல நாள் பூரா நிக்கறவ நான். நெஞ்சு அடைக்குதுய்யா!"

(ஸ்டென்ட் வைத்த அன்று இரண்டாவது படம் எடுக்கவே இல்லை என்பது டாக்டருக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாரா? அவர் முகத்தையே பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.)

4

சந்தேகத்தில் பிறந்தது என்றேனே, பொய். எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

அது நோன்பு மாதம். நோன்பு திறக்கப் பத்தே நிமிடம். "போதும், விரிஞ்சாச்சு, கண்ணுக்கே தெரியுது," என்று டாக்டர் கையுறையைக் கழற்றினார். பெண், சர்க்கரை, மெல்லிய குழாய். யாருக்கு இரண்டாவது படம் கட்டாயம் வேண்டுமோ, அவர்களுக்குத்தான் எடுக்காமல் விடுகிறோம். எல்லாரும் சூப்புக்கு ஓடினார்கள். ஆனால் இரண்டாவது படம் இல்லாமல் ஃபைல் மூடாது. அதனால் யாரோ ஒருத்தர் முந்தைய நோயாளியின் படத்தை...

"யாரோ ஒருத்தர்" என்பதை அடித்துவிட்டேன். நான். வாயில் பேரீச்சம்பழத்தோடு நான்தான் அதை எடுத்து ஒட்டினேன். எல்லா ஃபைலிலும் இதுதான் பழக்கம் என்று அப்போது தோன்றியது. இப்போது அந்தப் படத்தைக் காட்டித்தான் அந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

5

இன்ஸாஃப் அம்மாள் மருந்துச் சீட்டோடு என் அறை வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா பொண்ணே, நீதானே படம் புடிச்சே? அந்த டாக்டரை விடு, நீ சொன்னா நம்புறேன். என் குழாய் நெசமாவே அவ்வளவு சுத்தமா இருக்கா?"

நான் சொன்னேன்: "..........."

(மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவள். கிழித்துவிட்டேன்.)

அந்தப் புள்ளிக்கோட்டை நீங்களே நிரப்புங்கள். என்னிடம் விடாதீர்கள், காலி இடத்தைக் கண்டால் வேறு யாருடையதையாவது எடுத்து ஒட்டுகிற கை இது. சீக்கிரம் எழுதுங்கள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.