அசைஞ்சா லைன் கட்டாயிடும்

ஸ்கேன் அறைக்கு வெளிச்சுவரில் கடல் வரைந்திருந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று தன் செலவில் வரைந்து கொடுத்ததாம். சிரிக்கிற சுறா, கண்ணாடி போட்ட ஆக்டோபஸ், தொப்பி வைத்த ஆமை. எல்லாம் பிள்ளைகளின் பயத்தைப் போக்கத்தான். கடலைக் காட்டிப் பயம் தெளிவிக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, வேம்புவுக்கு அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. மகள் ஷாலுவை மடியில் போட்டுக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஷாலுவுக்கு ஆறு வயது. முதலில் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்தாள், பிறகு வீட்டில். மண்டைக்குள் என்ன இருக்கிறதென்று படம் எடுத்துப் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். படம் எடுக்க வேண்டுமானால் குழந்தை அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். படுக்காத பிள்ளைக்கு மயக்க ஊசி போட வேண்டும். மயக்க டாக்டருக்கு அடுத்த மாதம்தான் தேதி. அதுவரைக்கும் வலிப்பு வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? இன்றைக்கே எடுத்தாக வேண்டும், எப்படியாவது எடுத்தாக வேண்டும் என்று வேம்பு மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. மிஷின் தடதடக்கத் தொடங்கியதும் ஷாலு போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து அழுதன. படம் எடுக்கிற தம்பி அறிவு, வியாசர்பாடிக்காரன், நல்லவன்தான். கை உறையை ஊதிச் சேவல் செய்து கொடுத்தான், சோப்புக் குமிழி விட்டான், வராத குரலில் பாட்டுகூடப் பாடினான். உள்ளே படுத்தபடி பொம்மைப் படம் பார்க்கிற கண்ணாடி ஒன்றும் ஆஸ்பத்திரியில் இருந்தது. அதுவும் கம்பெனி கொடுத்ததுதான். ஆனால் அது பீரோவில் பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவர் லீவு. கம்பெனிக்காரர்கள் போட்டோ எடுக்க வரும் நாளில்தான் அது வெளியே வரும் என்று அறிவே வெட்கத்தோடு சொன்னான்.

மத்தியானம் இன்னொரு தடவை முயன்றார்கள். ஷாலுவின் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறம் போய் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டான் அறிவு. கரகரவென்று வந்த குரலைக் கேட்டதும் பிள்ளையின் கண் விரிந்தது.

"எம்மா, வயர்லெஸ் மாரியே கீது."

அந்த ஒரு வார்த்தையில் வேம்பு தடுமாறிப் போனாள். காசிமேட்டில் கமாலுதீன் பாயின் ஐஸ் கடையில் ஒரு வயர்லெஸ் இருந்தது. போட் தங்கலுக்குப் போனால், நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே வந்து கூடுவார்கள். வேம்புவின் புருஷன், ஷாலுவின் நைனா ராமதாஸ் நடுக்கடலிலிருந்து பேசுவான். தூரத்துக் குரல், பாதி இரைச்சல், பாதிப் பேச்சு. பிள்ளைகள் ஆடி ஓடிச் சத்தம் போடாமலிருக்க பாய் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார், அசைந்தால் லைன் கட்டாகிவிடும் என்று. அவர் விரலைத் தூக்கினால் போதும், ஷாலு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பாள். குரல் வந்ததும் அவள் முகம் மலர்வதைப் பார்க்கவே வேம்பு அவளைக் கூட்டிப் போவாள்.

பொங்கலுக்குப் பிறகு போன தங்கலில், வலை இழுக்கும்போது ராமதாஸ் கடலில் விழுந்துவிட்டான். கூடப் போனவர்கள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வெறும் படகோடு திரும்பினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் வந்தபோது வேம்பு அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். உடம்பைக் கொண்டுவந்து காட்டுங்கள், அப்புறம் தாலியைக் கழற்றுகிறேன் என்று சண்டை பிடித்தாள். நைனா ஆந்திரா பக்கம் தங்கி மீன் பிடிக்கிறார், பாய் கடை வயர்லெஸ் ரிப்பேர் என்று பிள்ளைக்குச் சொன்னாள். தெருவில் எவளாவது வாய் தவறினால் தொலைந்தாள். வயர்லெஸ் எப்போது சரியாகும் என்று ஷாலு மட்டும் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது வேம்பு குனிந்து அவள் காதிலிருந்து ஹெட்போனை லேசாக விலக்கினாள்.

"ஆமாண்டி, வயர்லெஸ்தான். பாய் கடைல கீறத வுட பெருசு. நைனா இதுல பேசுவாரு. ஆனா அசைஞ்சா லைன் கட்டாயிடும், தெரியும்ல?"

ஷாலு தலையாட்டினாள். பிறகு ஆட்டியது தப்போ என்று பயந்து உடனே நிறுத்திக்கொண்டாள்.

அம்மாவும் உள்ளேயே நிற்கலாம், ஆனால் மேலே ஒரு குண்டூசி இருக்கக் கூடாது என்றாள் ஆஸ்பத்திரி ஆயா. ஷாலுவின் கொலுசும் கம்மலும் முதலிலேயே பிளாஸ்டிக் தட்டுக்குப் போயிருந்தன. ஆயா வேம்புவின் கழுத்தைப் பார்த்து, தாலியையும் கழட்டு என்றாள். தங்கம்தானே என்று வேம்பு முனகினாள். தங்கமோ தகரமோ, மிஷின் கிட்டே எதுவும் ஆகாது என்றாள் ஆயா. அவளுக்கென்ன, தினம் நூறு கழுத்தைப் பார்க்கிறவள். ஊரே கூடி வந்து கேட்டும் கொடுக்காததை வேம்பு தலைவழியாக உருவித் தட்டில் போட்டாள். அழக்கூட நேரமில்லை, மிஷின் காத்திருந்தது.

தலைக்குக் கூண்டு மாட்டிய ஷாலுவைப் பலகையோடு உள்ளே தள்ளினார்கள். மிஷின் தடதடத்தது, கொர்ரென்றது, விட்டு விட்டு அடித்தது. காலையில் அலறிய அதே பிள்ளை இப்போது கட்டையாகக் கிடந்தாள். இரைச்சலுக்குள் குரல் வரும் என்று பழகிய காது அது, எவ்வளவு இரைச்சலானாலும் பொறுத்துக்கொண்டது. வெளியே நீட்டியிருந்த பாதத்தை வேம்பு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு தடவை கட்டை விரல் அவள் உள்ளங்கையில் துடித்தது. துடித்ததும் அதுவாகவே இறுகி அடங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று வேம்புவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதை வைத்து ஜெயித்தோம் என்று நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்ததும் ஷாலு கேட்டாள்.

"நைனா பேசவே இல்லியேம்மா."

சத்தத்தில் கேட்டிருக்காது என்றாள் வேம்பு. நல்லா கேட்டுகினுதான் இருந்தேன் என்றாள் பிள்ளை. தன் கால் விரலைப் பார்த்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கால் வெரலு ஆடிச்சும்மா. அதான் கட்டாயிச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலுத்துப் போயிருந்தாள், அடுத்த பொய்க்குத் தெம்பில்லை, பிள்ளையே எடுத்துக் கொடுத்த பொய் கையில் இருந்தது. ஆமாம் போல என்று சொல்லித் தொலைத்தாள். தகப்பன் குரல் வராத குற்றத்தை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் தூக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஷாலு அதைப் பெரிய மனுஷிபோல ஏற்றுக்கொண்டாள். அடுத்த தபா ஆட மாட்டேன் என்றாள்.

அப்போது அறிவு சிரித்துக்கொண்டே வந்தான். படம் பளிச்சென்று விழுந்திருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்வார் என்றான். ஷாலுவின் புறங்கையில் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டினான். அவனுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"இன்னாக்கா சொன்னீங்க அவளாண்ட? சொல்லுங்க, மத்த புள்ளைங்களுக்கும் சொல்லிப் பாக்கலாம்."

ஷாலுதான் சொன்னாள், நைனா பேசுவாருன்னு அம்மா சொல்லிச்சு, நான் வெரலு ஆட்டினதுல லைன் கட்டாயிடுச்சு என்று.

"யார் சொன்னது நீ ஆடினேன்னு?" என்றான் அறிவு. "நீ ஆடவே இல்ல கண்ணு. இத்தினி வருசத்துல உன்ன மாரி ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல."

பாராட்டிவிட்டு அவன் அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போய்விட்டான். ஷாலு மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள்.

"பின்ன ஏம்மா பேசல?"

ஆயா தட்டைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். வேம்பு கம்மலை எடுத்து மாட்டினாள், கொலுசை எடுத்துத் திருகினாள். மஞ்சள் கயிறு தட்டிலேயே கிடந்தது. அதைத் தொடக் கை போகவில்லை. யார் யாரோ அவளிடம் சொன்னதை, யாரிடமும் அவள் ஒப்புக்கொள்ளாததை, பிள்ளையின் கொலுசைப் பார்த்தபடி முதல் தடவையாகச் சொன்னாள்.

"நைனா இனிமே பேச மாட்டாருடி. கடல்ல வுழுந்துட்டாரு. செத்துட்டாரு."

ஷாலு அழவில்லை. நட்சத்திரம் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தரையில் படாமல் தூக்கி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். வேம்பு அணைத்துக்கொள்ள நெருங்கியபோது உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"தொடாதம்மா. இப்ப வெரலு கூட ஆடல. கொஞ்ச நேரம் சும்மா இரு, பேசுவாரு."