நாற்பதும் தவறு

நாற்பது கேள்விக்கு நாற்பதும் தவறு. அமலி விடைத்தாளை எடுத்து முதலிலிருந்து இன்னொரு முறை திருத்தினாள். அப்போதும் பூஜ்யம்தான்.

ஏழாம் வகுப்பு, கமருன்னிஸா. ஒரு பத்தியை வாசித்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உள்ள நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டம் போட வேண்டும். மாலா எதற்குத் தோட்டத்துக்குப் போனாள்? பூப் பறிக்கப் போனாள் என்று பத்தியின் முதல் வரியே சொல்கிறது. இந்தப் பெண் 'திருட' என்பதற்கு வட்டம் போட்டிருந்தாள்.

அது தொண்ணூற்றாறாம் வருடம். அமலி எம்.எட். படித்துக்கொண்டிருந்தாள். பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளை வாசிப்பிலும் கெட்டிதானா என்பது ஆய்வு. தலைப்பைக் கொடுத்தவர் அவளுடைய கைடு பஞ்சநதம் சார். கெட்டிதான் என்று முடிவையும் அவரே கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அந்த முடிவுக்கு ஏற்ற எண்களைப் பொறுக்கி வருவது மட்டும் அமலி வேலை.

"இந்த ஒருத்தியால மொத்தக் கணக்கும் சாயுதும்மா. பேச்சுல முதலிடம், வாசிப்புல முட்டை. எடுத்துடு இவள" என்றார் பஞ்சநதம்.

"அவ எழுதியிருக்காளே சார்."

"வாசிக்கத் தெரியாதது கிறுக்கினதெல்லாம் ஒரு டேட்டாவா? நூத்தியிருவது பேர்ல ஒண்ணு கொறஞ்சா யாருக்குத் தெரியப்போவுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்ல நீதான் முதல் பட்டதாரி. மொதல்ல பட்டத்த வாங்கு. நியாயத்த அப்புறம் பேசிக்கலாம்."

அமலியின் வாயை அடைக்க வேண்டும் என்றால் அவள் வீட்டை இழுத்து மேசைமேல் வைப்பது அவர் வழக்கம். இது மூன்றாவது முறை. எதிர்த்துப் பேசாமல் வந்தாளே தவிர, அந்தத் தாளை எடுக்கவில்லை.

ஏனென்றால் அந்தப் பூஜ்யம் அவளை உறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டால்கூட நாலில் ஒன்று சரியாகும். நாற்பதில் ஒரு பத்தாவது தேறும். மாட்டு வாலில் பென்சிலைக் கட்டிவிட்டாலும் ஐந்தாவது தேறும். நாற்பதையும் தவறவிட வேண்டுமென்றால், நாற்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.

யாரோ சொல்லித்தான் செய்திருக்கிறாள் என்று தோன்றியது. யார், எதற்கு? வகுப்பு டீச்சர் ஃபிளோராவா? வெளியாள் வந்து டெஸ்ட் வைப்பது பிடிக்காத தலைமையாசிரியையா? சந்தேகப்படுவது எப்படி என்று அமலிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பத்தாவதில் அவள் தமிழில் முதல் மதிப்பெண் எடுத்தபோது, நடவு நடும் கூலியாள் மகளுக்கு இது எப்படி வந்தது என்று தனியறையில் உட்காரவைத்து மறுபடி எழுதச் சொன்னவர்கள் உண்டு. பட்டவள் அவள்.

மறுநாள் மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறினாள். பாமணியாற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சம்பா நடவு பாதி முடிந்திருந்தது.

ஃபிளோரா டீச்சர் சத்தியம் செய்யாத குறை. "அவளா? நிறுத்தி நிதானமா அழகா வாசிப்பாளே. ஒரு மாசமாத்தான் எந்திரிச்சு வாசின்னா கண்ணு மங்குதுங்குறா."

சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் கமருன்னிஸாவை நிறுத்தினாள் அமலி. பன்னிரண்டு வயது, ஒல்லி, கூர்மையான கண். பேச்சுத் தேர்வில் 'பள்ளிக்குத் தாமதமாக வந்ததற்கு ஐந்து காரணம் சொல்' என்றதற்குப் பதினொன்று சொன்னவள். பதினொன்றும் நம்பும்படி இருந்தன.

"ஒனக்கு வாசிக்கத் தெரியும். சும்மா தெரியும்னு இல்ல, நல்லாவே தெரியும்."

"தெரியாது டீச்சர்."

"தெரியாதவளுக்கும் ஒரு பத்தாச்சும் சரியா விழும். ஒனக்கு ஒண்ணுகூட விழல."

அவள் தரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பிறகு நிமிர்ந்து, "பத்து போட்டிருந்தா சந்தேகம் வந்திருக்காதா?" என்றாள்.

அமலிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள். "யாரு இப்படி எழுதச் சொன்னா?"

"ஒங்கள யாரு அனுப்புனா? எங்க அத்தா கடுதாசி போட்டாங்களா? இல்ல, எங்க அம்மா வந்து பாத்தாங்களா?"

"என்னை யாரும் அனுப்பல."

"அப்ப எனக்கு வராதுன்னே எழுதிக்கங்க. அம்மா ஒங்ககிட்டதான் மார்க்கு கேப்பாங்க. நாந்தான் கேக்கச் சொன்னேன். வெளியூரு டீச்சர், பொய் சொல்ல மாட்டாங்கன்னேன்."

"படிப்பு வரலேன்னா ஸ்கூல விட்டு நிறுத்திடுவாங்களே, தெரியுமா?"

"தெரியும்" என்றாள் கமருன்னிஸா. அவள் குரலில் அப்போதுதான் வயது தெரிந்தது.

அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை. மணி அடித்தது. அமலி வராந்தாவுக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் அம்மா ரஹ்மத் பீவி அங்கே காத்திருந்தாள். தலையில் இழுத்துவிட்ட வெள்ளைத் துப்பட்டி, கையில் ரெக்சின் பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்கதானே டெஸ்ட் வச்சவங்க? எம்மவ எத்தன மார்க்கு?"

"மொதல்ல என்ன விஷயம்னு சொல்லுங்க."

"டீசி வாங்கலாம்னு வந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு." ரஹ்மத் பீவி குரலைத் தாழ்த்தினாள். "இவ அத்தா சவுதில, தம்மாம்ல இருக்காங்க. எனக்குக் குர்ஆன் ஓதத்தான் தெரியும், தமிழெழுத்து தெரியாது. மூணு வருசமா கடுதாசிய இவதான் வாசிப்பா, பதிலும் இவதான் எழுதுவா. போன மாசம் ஆசையா இருக்கேன்னு பழைய கடுதாசி ஒண்ண மறுபடி வாசிக்கச் சொன்னேன். மொதத் தடவ, ஒன் கையால மீன் ஆணம் சாப்பிடணும்னு அவங்க எழுதியிருந்தாங்க. இப்ப அதே கடுதாசில கறி ஆணம் வருது. காயிதத்துல எழுதுனது எப்படிங்க மாறும்? இன்னொண்ண எடுத்தேன். அதுவும் மாறிடுச்சு."

"அவ என்ன சொன்னா?"

"எனக்கு எழுத்தே தெரியாதும்மா, மனசுல தோணுனதச் சொன்னேன்னுட்டா. கிளாஸுல எப்படிடி பாஸ் ஆவுறேன்னா, அடுத்தவ வாசிக்கறதக் கேட்டு மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாளாம். இங்க உள்ள டீச்சருங்க, நல்லா படிக்குதுங்குறாங்க. இவங்க எல்லாரயும் பாஸ் போட்டுவிடறவங்க, யாரங்க நம்புறது?"

கமருன்னிஸா வகுப்பு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"வேற யார்கிட்டயாவது குடுத்து வாசிக்கச் சொல்லலியா?"

"புருசன் பொண்டாட்டிக்கு எழுதுனதத் தெருவுல குடுக்கவா? நீங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க. ஒங்ககிட்ட குடுக்கலாம்."

கடிதம் அமலியின் கைக்கு வந்தது. சாய்வான, அழுத்தமான கையெழுத்து. மனதுக்குள் நாலு வரி வாசித்தாள். ஐந்தாவது வரியில் கண் நின்றது. காது சுட்டது. வாசலில் நின்ற பெண் அவளையே பார்த்தாள். தலையை மட்டும் இல்லை என்று மெதுவாக ஆட்டினாள்.

இவ்வளவுதானா. யாரும் சொல்லித்தரவில்லை. ஒருத்தி மூன்று வருடமாக, காகிதத்தில் இல்லாத அன்பான ஒரு தகப்பனை வாசித்துக் காட்டியிருக்கிறாள். மாட்டிக்கொண்டதும், காகிதத்தில் உள்ளது வெளியே வராமலிருக்கத் தன்னையே எழுத்தறியாதவளாக்கிக் கொண்டிருக்கிறாள்.

வாசிக்கத் தெரியும் என்று அமலி சொன்னால் அந்தப் பெண்ணின் மூன்று வருடமும் உடையும். தெரியாது என்றால் டீசி. கமருன்னிஸா எதைத் தேர்ந்திருக்கிறாள் என்பது தெரிந்ததுதான். பன்னிரண்டு வயதில் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தவன் மேல் அமலிக்கு எரிந்தது. அவன் வசதிக்காக இவள் படிப்பு போக வேண்டுமா?

"படிக்கத் தெரியும். இந்த ஸ்கூல்லயே இவ அளவுக்கு யாருக்கும் தெரியாது" என்றாள். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் வாசிக்க மாட்டேன். அவளயே வாசிக்கச் சொல்லுங்க. உள்ளதை."

ரஹ்மத் பீவி மகளைப் பார்த்தாள். "வா இங்க. வாசி."

கமருன்னிஸா அமலியைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. கடிதத்தை வாங்கினாள். ஃபிளோரா டீச்சர் சொன்னதுபோலவே நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"'செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ மன்னார்குடி பஸ்ஸில் போயிருக்கிறாய். யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று எழுது. போன் பூத்காரன் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானாம், எதற்கு? எனக்கு இங்கே எல்லாச் செய்தியும் வருகிறது. எங்கேயும் போகவில்லை என்று நீ எழுதுவதை நான் நம்பவில்லை. நீ...'" அந்த இடத்தில் நின்றாள்.

"வாசி."

அந்தச் சொல்லையும் வாசித்தாள். கடைசி வரைக்கும் வாசித்தாள்.

"மறுபடி. மொதல்லேந்து."

மறுபடியும் அதே பஸ், அதே பூத்காரன், அதே சொல். ரஹ்மத் பீவியின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒன்றும் மாறவில்லை. அவள் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எல்லாக் கடுதாசிலயும் இதான் இருந்துச்சா?"

"ம்."

"நான் எங்கயும் போவலன்னு நான் சொல்லலியே. யாரு எழுதுனா?"

"நாந்தாம்மா. நீ போவவே இல்லன்னு எழுதுனா அத்தா சும்மா இருப்பாங்கன்னு..."

"நான் போனேனேடி. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பல்லு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்க எடம் கெடச்சுதோ அங்க உக்காந்தேன். ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? நீ இல்லன்னு எழுதுனதுல நான் கள்ளியாயிட்டேன்."

கமருன்னிஸா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று அமலிக்கு இருந்தது.

"டீசி வேணாங்க டீச்சர்" என்றாள் ரஹ்மத் பீவி. பைக்குள் கைவிட்டு வெளிநாட்டுக்குப் போகும் நீலக் காகிதம் ஒன்றை எடுத்தாள். "எழுது. நீங்க கொஞ்சம் பக்கத்துல நின்னு பாருங்க டீச்சர், நான் சொல்றதத்தான் எழுதுறாளான்னு. இவ பேச்ச இனிமே நான் அப்படியே எடுத்துக்க முடியாது."

அமலி பின்னால் போய் நின்றாள். கமருன்னிஸா பெஞ்சில் காகிதத்தை விரித்தாள்.

"ஒங்க கடுதாசி முழுசா என் காதுல விழுந்தது இன்னைக்குத்தான். முன்னாடி வந்த பதில் ஒண்ணும் நான் சொன்னது இல்ல. செவ்வாக்கெழம பஸ்ஸுல போனேன். பக்கத்துல யாரு உக்காந்தான்னு நான் பாக்கல."

பேனா ஓடியது. எழுத்து பிசகவில்லை.

"வர்ற செவ்வாக்கெழமயும் போவேன்."

கமருன்னிஸா பேனாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "இதயும் எழுதவா?"

"எழுது."

எழுதினாள்.