உள்ளே போன ஆமா

எங்கள் கிரான்செலெ ஊருக்குப் பசுமை வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் இங்கே காடும் ஆறும் தவிர வேறெதுவும் இல்லாததால், பசுமை என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. நகரசபைத் தலைவர் ஸ்டூரேதான் கூட்டம் போட்டுப் புரியவைத்தார். மூச்சுக்கு முந்நூறு தடவை பசுமை என்றார். ஆற்றில் அணை இருக்கிறது, மலைமேல் காற்றாலைகள் வரும், அந்த மின்சாரத்தில் ஐரோப்பாவுக்கே பேட்டரி செய்யும் தொழிற்சாலை ஓடும்.

"வேலையெல்லாம் முதல்ல நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான்" என்றார்.

பசுமையைப் பற்றிப் பேசும்போது பொய்யும் பச்சையாகத்தான் வரும் போலிருக்கிறது.

தொழிற்சாலை வந்தது. எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அவர்களுடைய பேட்டரி பஸ்ஸை நான் ஓட்டுகிறேன். ஊரிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து தொழிற்சாலை வாசல். ஸ்வீடனின் வடகோடிக் குளிரில் அந்த பஸ்ஸுக்கு ஹீட்டர் போட்டால் ஊர் போய்ச் சேராது, ஊர் போய்ச் சேர வேண்டுமானால் ஹீட்டர் கிடையாது. சூடு வெளியே போகாமலிருக்கக் கதவும் தானாகவே சட்டென்று மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் பெரிய எழுத்தில், 'உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது.'

என் கணவன் யால்மருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. காகித ஆலையை மூடிய நாளிலிருந்து அவன் வீட்டில் உடையாத சாமான்களையெல்லாம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். பேட்டரி வேலை கிடைக்காவிட்டால் மிச்சம் இருந்தது நார்வேக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்றுதான். அவன் தம்பி அப்படிப் போனவன்தான். பாதி வருஷம் தண்ணீர்மேல் இருந்துவிட்டு வந்தபோது அவன் வளர்த்த நாயே அவனைப் பார்த்துக் குரைத்தது. மனைவி குரைக்கவில்லை, ஆனால் அடுத்த வருஷம் அவள் அங்கே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. காலையில் காபி குடிக்கும்போது எதிர் நாற்காலியில் யால்மர் இருக்க வேண்டும். அதற்குமேல் எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது.

தொழிற்சாலையில் நேர்காணல் எடுப்பது மனிதர்கள் இல்லை. வில்மா என்று ஒரு குரல், கணினிக்குள்ளிருந்து கேள்வி கேட்கும். கேட்பது, எழுதுவது, மார்க் போடுவது எல்லாம் அவளேதான். யால்மர் தலைவாரி, சட்டை மாற்றி உட்கார்ந்து பேசினான். மறுநாளே 'இல்லை' என்று பதில் வந்தது. அவனுக்கு மட்டுமில்லை, ஆலையில் கூட வேலை பார்த்த அத்தனை பேருக்கும். செய்தித்தாளில், வடக்கத்தி ஆட்களுக்கு உற்சாகம் போதவில்லை என்று ஒரு கட்டுரைகூட வந்தது. தொழிற்சாலைக்கு ஆட்கள் உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் வந்து இறங்கினார்கள். அவர்களை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பாவம், அவர்களும் குளிரில் நடுங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஒருநாள் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போனேன். ஆள் எடுக்கும் பொறுப்பில் தெற்கே ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த கொர்னேலியா என்ற பெண் இருந்தாள்.

"என் புருஷன்கிட்ட என்னம்மா குறை?"

"குறைன்னு சொல்ல மாட்டேன் சிக்னே. ஆனா மொத்த நேர்காணல்லயும் அவர் பேசினது ரெண்டே வார்த்தைங்க. ரெண்டும் 'இல்ல'."

"எதுக்கு இல்லன்னான்?"

"ஜெயிலுக்குப் போயிருக்கீங்களான்னு கேட்டதுக்கு ஒரு இல்ல. தீராத வியாதி இருக்கான்னு கேட்டதுக்கு ஒரு இல்ல. மத்ததுக்கெல்லாம் பதிலே இல்ல. இந்த ஊர்ல எல்லாருமே அப்படித்தாங்க. 'எதிர்மறை மனோபாவம்'னு வில்மா குறிச்சிருக்கா."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எங்கள் பக்கத்தில் இல்லை என்றால்தான் வாய் திறந்து சொல்வோம். ஆமாம் என்பதற்கு உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுப்போம். 'ஷுப்'. சூடான காபியை உறிஞ்சுகிற சத்தம், அவ்வளவுதான். இறைச்சிக் கடையிலும் அதுதான், கல்யாணத்தில் பாதிரியார் சம்மதம் கேட்டாலும் அதுதான். என் பஸ் கதவு மூடும்போதும் இதே சத்தம் வரும். ஏறலாமா என்று கேட்டால் பஸ்ஸே ஆமாம் சொல்கிறது என்று ஊரில் ஒரு கேலிகூட உண்டு.

"அவன் எல்லாத்துக்கும் ஆமான்னுதான்மா சொல்லியிருக்கான். உன் வில்மாவுக்குக் காது கேக்கல."

கொர்னேலியா கெட்டவள் இல்லை. "இன்னொரு தடவை தர்றேன். ஒரே ஒரு தடவைதான், அதுக்குமேல வில்மாவே விடமாட்டா. சத்தமா பேசச் சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது.

"ஷிஃப்ட் வேலை பாப்பியா?"

"ஷுப்."

"வாயத் தொறய்யா! மூச்சு வெளிய வரணும்!"

"ஆமா."

"எனக்கே கேக்கல. அந்தப் பொம்பளைக்கு எங்க கேக்கும்?"

"ஆமா!" என்று அவன் கத்தியதில் நாய் மேஜைக்கடியில் போய்ப் பதுங்கியது.

"காபி வேணுமா?"

"ஆமா!"

"இதுக்கு ஏன்யா கத்துற?"

"நீதான சொன்ன."

நேர்காணல் எங்கள் சமையலறையில்தான் நடந்தது. நான் கேமராவுக்குப் படாமல் அடுப்போரம் நின்றேன். வில்மா தேன் ஒழுகக் கேட்டாள். ஷிஃப்ட் சரியா? "ஆமா!" பாதுகாப்பு உடை சரியா? "ஆமா!" தேர்தலில் நிற்பவனைப் போல முழங்கினான். எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசியாக வில்மா கேட்டாள். "யால்மர், இந்த வேலை உங்களுக்கு உண்மையிலேயே வேணுமா?"

ஜன்னலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷன் மனசார ஒன்றை விரும்பி நான் பார்த்தது கொஞ்சம்தான். உதடு குவிந்தது. கையை ஆட்டினேன், வாயைத் திறந்து காட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"ஷுப்" என்றான்.

மனசிலிருந்து வருகிற ஆமாம் எங்களுக்கு உள்ளேதான் போகும். வேறு வழி தெரியாது.

"கடைசிக் கேள்விக்குப் பதில் பதிவாகல. உங்க பொன்னான நேரத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வில்மா போய்விட்டாள்.

நான் திட்டவில்லை. கொர்னேலியாவிடம் போனேன், அவளும் வில்மாவிடம் கெஞ்சிப் பார்த்ததாகச் சொன்னாள். தன் இயந்திரத்திடமே கெஞ்சும் அதிகாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

தம்பி சொல்லிவைத்ததில், அந்த வாரமே நார்வேயிலிருந்து போன் வந்தது. எண்ணெய் மேடையின் மேஸ்திரி, ஒட்வார் என்று பேர், நார்வேயின் வடகோடி ஆள். யால்மர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"வெல்டிங் தெரியுமா?" என்று கேட்டார் ஒட்வார்.

"ஷுப்."

"குளிர் தாங்குவியா?"

"ஷுப்."

போனுக்குள்ளிருந்தும் அதே சத்தம், "ஷுப்."

"திங்கக்கிழமை வந்துரு" என்று வைத்துவிட்டார்.

ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூமியைக் காப்பாற்ற வந்த தொழிற்சாலைக்குக் கேட்காத ஆமாம், பூமியைத் தோண்டுகிறவருக்குக் கேட்டுவிட்டது.

திங்கட்கிழமை அவனை நானே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். முன் இருக்கையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான். ரயில் நிலையத்தில் இறங்கி, பனியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"யால்மர், என்கிட்டத் திரும்பி வந்துருவல்ல?"

அவன் முதுகை நிமிர்த்தினான். நான் கற்றுக்கொடுத்தபடியே வாயைத் திறந்து, "ஆமா!" என்று கத்தினான். நிலையத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது வில்மாவுக்குய்யா. எனக்கு ஒழுங்கா சொல்லு!"

அவன் உதட்டைக் குவித்தான். அதே நேரம் கதவு மூடியது.

'ஷுப்.'

கதவைத் திறக்கும் பொத்தானை அமுக்கினேன். அது திறப்பதற்குள் அவன் ரயிலில் ஏறியிருந்தான். கேட்டது அவன் மூச்சா, என் கதவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "போலாமா? ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்றார். 'உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது' என்று விலாவில் சுமந்துகொண்டு பஸ் தொழிற்சாலைக்குப் போனது. ஓட்டியது நான்தான்.