பொன்னாடையில் கட்டிய லிப்ட்

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறியதிலிருந்து லோகேஸ்வரி தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி ரெண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரம், பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து நீட்டினார். லோகேஸ்வரியும் மறுக்கவில்லை. பத்து நிமிடம் மேடையில் பேசப்போகிறவளுக்குத் தொண்டை முக்கியம் அல்லவா?

தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்து மாடியில் மாதாமாதம் ஒரு பொதுக்கூட்டம் நடக்கும். வீடு கட்டுகிறவர்கள், கட்ட அனுமதி கொடுக்கிறவர்கள், கட்டியதற்குள் குடியிருந்து அவதிப்படுகிறவர்கள் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்துப் பேச விடுவார்கள். அதை நடத்துகிறவள் ரேஷ்மா, நகரத் திட்டம் படித்த பெண். இந்த மாதம் அடுக்குமாடி வீடுகளைப் பற்றிப் பேச்சு. "அக்கா, நீங்க அடுக்குமாடியில இருக்கிறவங்க. நீங்க பேசினாத்தான் நல்லாருக்கும்" என்று அவள்தான் லோகேஸ்வரியைக் கூப்பிட்டிருந்தாள்.

லோகேஸ்வரிக்குப் பேச விஷயம் இருந்தது. அவளுடைய அடுக்குமாடியில் கீழ்த்தளம் வீடுகள் இல்லாத திறந்த இடம், வெறும் தூண்கள்தான். ஆனால் அந்தத் தூண்களுக்கு நடுவில் நடக்காத காரியம் கிடையாது. மலாய்க்காரர்களின் கெண்டூரி விருந்து அங்கேதான், சீனர்களின் சாவுச் சடங்கும் அங்கேதான். நம் ஆட்களின் காதுகுத்து, பிறந்தநாள், பொங்கல் எல்லாவற்றுக்கும் அதே இடம். இப்போது நிர்வாகக் கம்பெனிக்காரர்கள் அதைச் சுற்றிக் கிரில் போட்டுப் பூட்டி, மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடமாக மாற்றப் போகிறார்களாம். நகராண்மைக் கழகத்தில் அதற்குச் சரி சொல்ல வேண்டியவர் திருச்செல்வம் என்ற அதிகாரி. அவரும் இன்றைக்கு அதே மேடையில் பேச வருகிறார்.

அடுத்த மாதம் மகள் ஷாமினிக்கு நலங்கு. "ஹால் பாக்கலாம்மா" என்று ஷாமினி சொன்னபோது லோகேஸ்வரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ஒங்கப்பாவ எங்க வெச்சு அனுப்பினமோ, அங்கதான் ஒனக்கு மஞ்சள் பூசுவேன்."

ஆக, அந்தப் பத்து நிமிடத்துக்குள் திருச்செல்வத்தின் மனசைத் திருப்பியாக வேண்டும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் உட்கார்ந்து படம் போட்டு, எழுத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் அழகாகச் செய்து வைத்திருந்தாள்.

ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரன் மட்டும் கவலையில்லாமல் இருந்தார். குடியிருப்பாளர் சங்கத் தலைவர். ஆறடி உயரம், கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பா. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முன்வரிசை, எந்த மைக் கிடைத்தாலும் ரெண்டு வார்த்தை. அவர் காலடியில் ஒரு பெரிய பை உப்பிக்கொண்டு இருந்தது.

"என்ன அண்ணே பையில?"

"அதெல்லாம் அங்க தெரியும்லா. நீ பேச்ச மட்டும் பாரு."

"சாப்பாடா?"

"சாப்பாடு அவங்க போடுவாங்க. மரியாத நாம போடணும்."

அப்போதே லோகேஸ்வரி அந்தப் பையைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். அவள் இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டு மறுபடியும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவர்கள் அடுக்குமாடியிலிருந்தே ஒரு பட்டாளம் வந்து பின்வரிசையை அடைத்திருந்தது. ரேஷ்மா மேசைமேல் ஒரு மணியை வைத்துக்கொண்டு, "பத்து நிமிஷம்னா பத்து நிமிஷந்தான். அஞ்சு மணிக்குப் பரதநாட்டிய கிளாஸ், மண்டபத்த விட்டாகணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். முதலில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் பேசினார், மணி அடித்ததும் உட்கார்ந்தார். அடுத்து திருச்செல்வம், கண்ணாடி போட்ட குண்டு மனிதர், மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. அடுத்தது லோகேஸ்வரி. அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒரு நிமிஷம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பரமேஸ்வரன் பையோடு மேடையேறிக்கொண்டிருந்தார். மைக்கைத் தட்டினார். ஊதினார். "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சபையோர்களே! பேசினவங்கள வெறுங்கையோட அனுப்புற பழக்கம் நம்ம பரம்பரையிலயே கெடையாது..."

பையிலிருந்து முதல் பொன்னாடை வெளியே வந்தது. பச்சையில் ஜரிகை போட்டது.

விரிவுரையாளருக்கு ஒன்று. அவர் பிறந்த ஊர், படித்த பள்ளி எல்லாவற்றையும் எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார் மனிதர். திருச்செல்வத்துக்கு ஒன்று. போட்டோ சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடியும் போர்த்தினார். ரேஷ்மாவுக்கு ஒன்று. அவள் ஒரு கையால் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மணியை அடித்தாள். "அடிங்கம்மா, நல்ல சகுனம்" என்றார் பரமேஸ்வரன். மண்டபத்துக் காவலாளிக்கு ஒன்று. ஒலிபெருக்கிக்காரருக்கு ஒன்று. அந்த மனிதருக்கு வாழ்க்கையிலேயே முதல் பொன்னாடையாம், நெகிழ்ந்துபோய் அவரும் ரெண்டு வார்த்தை பேசினார்.

வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது. நாட்டியக் குழந்தைகள் வந்து எட்டிப் பார்த்தன.

"அண்ணே, போதும்ணே" என்று லோகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"இரு, முக்கியமான ஆள விட்டுட்டனே! கிள்ளான் மண்ணின் வீரப் பெண்மணி, நம்ம லோகேஸ்வரி!"

கடைசிப் பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. கைதட்டல். போட்டோ. அவள் மைக்கை வாங்கி, "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். ரேஷ்மா பரிதாபமாக அவளைப் பார்த்துவிட்டு மணியை அடித்தாள். அவ்வளவுதான் பேச்சு.

கீழே, கட்டடத்தின் பின்பக்கம் மேசை போட்டுச் சாப்பாடு வைத்திருந்தார்கள். மீகூன் சேமியா, சம்பால், வடை, நுரைக்க ஆற்றிய தே தாரே டீ. லோகேஸ்வரி படியிறங்கி வரும்போது காதிலிருந்து புகை வராத குறைதான்.

"என்னாச்சு?" என்றார் பரமேஸ்வரன். "நல்லாத்தான போச்சு?"

"எல்லாருக்கும் போத்தினீங்களே, என் வாயையும் சேத்துப் போத்திட்டீங்க. சந்தோஷமா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறடி மனிதர் அஞ்சடியாகிப்போனார். "ஐயோ... நேரம் போனதே தெரியலம்மா. நான் போயி அவர்கிட்ட பேசட்டா?"

"தயவுசெஞ்சு பேசாதீங்க!"

சாப்பாட்டு வரிசையில் திருச்செல்வம் தட்டோடு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் இருபது பேர், பின்னால் முப்பது பேர். மீகூன் மெதுவாகத்தான் நகர்ந்தது. லோகேஸ்வரி அதைப் பார்த்தாள். மேடையில் இருக்கிற அதிகாரிக்கு எந்த நேரத்திலும் அவசர வேலை வந்துவிடும். மீகூன் வரிசையில் நிற்கிற அதிகாரி எங்கே போவார்?

நேரே போய் அவர் முன்னால் நின்றாள். "சார், எங்க லிப்ட நீங்க பாத்திருக்கீங்களா?"

"லிப்டா? இல்லியே."

"இப்பக் காட்டறேன்." தோளிலிருந்த பொன்னாடையை உருவி, நீளமாக முறுக்கித் தரையில் போட்டாள். "அண்ணே, மிச்சத்தையும் வாங்கிட்டு வாங்க." பரமேஸ்வரன் ஓடினார். போர்த்திய பொன்னாடைகளைத் திருப்பிக் கேட்கிற அவமானத்தை அவர் வாழ்நாளில் பட்டதில்லை. விரிவுரையாளர் அதற்குள் பொன்னாடையோடு கிளம்பிப் போயிருந்தார். ஒலிபெருக்கிக்காரர் தரமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாலு சேர்ந்தது, நாலு பக்கமும் ஆனது.

"அக்கா, இவ்ளோ பெருசா?" என்றது பின்வரிசைப் பட்டாளம். "உள்ள தள்ளுங்க! நம்ம லிப்ட் இதுல முக்காவாசிதான்!"

"ஆமா, எங்க வீட்டு பிரிட்ஜு நொழையல, படியில தூக்குனோம்!"

ஆளுக்கு ஒரு பக்கம் காலால் தள்ளித் தள்ளிச் சரியான லிப்டைக் கட்டி முடித்தார்கள். வரிசையே கலைந்து வட்டமாகிவிட்டது. லோகேஸ்வரி திரும்பினாள்.

"அண்ணே, உள்ள படுங்க."

"நானா? எதுக்கு?"

"படுங்க சொல்றேன்."

குற்றம் செய்தவர் என்ன செய்வார்? கஞ்சி போட்ட ஜிப்பாவோடு பரமேஸ்வரன் தரையில் படுத்தார். தலை ஒரு பொன்னாடையில் இடித்தது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"லோகேஸ், காலு..."

"பேசாதீங்க. நீங்க செத்துட்டீங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திருச்செல்வமும் தட்டை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை லோகேஸ்வரி காத்திருந்தாள்.

"சார், எங்களுக்கு எட்டாவது மாடி. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியிலருந்து பெட்டியில வந்தாரு. லிப்ட்ல போகல. நிக்க வெச்சா கொண்டு போவாங்க? அதான் கீழயே வெச்சோம். மேல ஹாஜி வீட்டுலருந்து நாற்காலி வந்துச்சு, ஆறாவது மாடிச் சீனரு காத்துக்குப் பேன் கொண்டாந்து வெச்சாரு. அந்த ராத்திரி அந்தத் தளந்தான் எங்களுக்கு வீடு. நாளைக்கு அதுக்குக் கிரில் போட்டுட்டா, இந்த மாதிரி வர்றவங்கள எங்க சார் எறக்குவோம்? மோட்டாருக்கு நடுவுலயா?"

திருச்செல்வம் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, தரையில் கிடந்த நாலு பொன்னாடைகளையும் வெளியே நீட்டிய கால்களையும் பார்த்தார்.

"எந்திரிக்கலாமா?" என்றது பிணம்.

மறுபடியும் சிரிப்பு. திருச்செல்வமே கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"ஆனா அக்கா, மோட்டார் களவு போகுதுன்னு ஒங்க பிளாக்குலருந்துதான் புகார் வந்திருக்கு. அதுக்கு என்ன பண்ண?"

"எங்க வீட்டு மோட்டாரும் ரெண்டு தரம் போச்சு சார். பின்னால குப்பைத் தொட்டியெல்லாம் வெக்கிற குப்பை வீட்டுப் பக்கம் சும்மா கெடக்குற எடம் இருக்கு. அங்க கூரை போட்டுப் பூட்டட்டும். முன்னால தொறந்து இருக்கட்டும்."

"பிளான்ல அந்த எடம் இல்லியே."

"பிளான்ல எங்க காலும் இல்ல சார்" என்றார் பரமேஸ்வரன், ஜிப்பாவைத் தட்டிக்கொண்டே. அன்று அவர் பேசியதிலேயே அதுதான் சின்னப் பேச்சு. உருப்படியான பேச்சும் அதுதான்.

திருச்செல்வம் அடுத்த வாரமே கிள்ளானுக்கு வந்தார். எட்டாவது மாடிக்கு லிப்டில் ஏறினார். அவரோடு பட்டாளமும் ஏறப் பார்க்க, லிப்ட் கூவென்று கத்தியது. பின்பக்கத்துக் குப்பை வீட்டையும் சுற்றிப் பார்த்தார். பிறகு நிர்வாகக் கம்பெனியோடு ரெண்டு கூட்டம். ரெண்டாவது கூட்டத்தில் ஒருவர் மேசையைக்கூடத் தட்டினாராம். கடைசியில் கிரில் பின்பக்கம் போனது. தூண்கள் இருந்தபடியே இருந்தன.

நலங்கன்று கீழ்த்தளம் ஜெகஜோதியாக இருந்தது. ஹாஜி வீட்டு நாற்காலிகள், ஆறாவது மாடிச் சீனரின் பேன், நடுவில் முகமெல்லாம் மஞ்சளோடு ஷாமினி. ரேஷ்மா மீகூன் கிண்டுகிற இடத்தில் நின்று ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்செல்வம் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரைப் பார்த்ததுமே பரமேஸ்வரன் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்தார். திரும்பி வரும்போது கையில் அந்தப் பை.

"அண்ணே!"

"ஒரே ஒண்ணுதான்லா. நன்றி காட்ட வேணாமா? ரெண்டே வார்த்தை."

லோகேஸ்வரி அவரைப் பார்த்தாள். திருச்செல்வத்தைப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூணில் செருகியிருந்த பிளக்கின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "ம், பேசுங்க."

பரமேஸ்வரன் பூரித்துப்போனார். மைக்கைத் தட்டினார். ஊதினார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சபையோர்களே! இந்தத் தளத்தின் வரலாறு..."

லோகேஸ்வரி பிளக்கைப் பிடுங்கினாள்.