வலது கட்டைவிரல்

நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் என்னிடம் ‘தயவுசெய்து’ என்று சொல்லும் ஒரே ஆள், பின்வாசல் சுவரில் இருக்கும் வருகை மெஷின்தான். காலை ஆறு மணிக்குப் போய் வலது கட்டைவிரலை அதன் கண்ணாடியில் வைப்பேன். “தயவுசெய்து மீண்டும் முயலவும்” என்று ஒரு பெண் குரல் சொல்லும். மறுபடி வைப்பேன். மறுபடி சொல்லும். ஏழு தடவை சொன்னாலும் அதற்கு அலுக்காது. எனக்குத்தான் நாள் தொடங்கும் முன்னே அலுத்துவிடும்.

ஒன்பது மாடிக் கட்டடம். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மாடிகளின் தரையும் கழிவறையும் என் பொறுப்பு. பதினொரு வருடமாக ஆசிட்டிலும் தரை கழுவும் மருந்திலும் கையை விட்டு விட்டு, விரல் நுனியில் இருந்த ரேகையெல்லாம் போய்விட்டது. கம்பெனி மாதத்துக்கு ஒரு ஜோடிக் கையுறை கொடுக்கும். நான்காம் நாளே நுனி கிழிந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே போன ஆசிட் வெளியே வர வழி தெரியாமல் விரலோடு குடித்தனம் நடத்தும். அதற்கு வெறும் கையே மேல்.

வெள்ளரிக்காய்த் தோல் மாதிரி வழவழவென்று இருந்தால் கூடப் பரவாயில்லை. விரலின் நடுப்பகுதி வழவழப்பு, ஓரமெல்லாம் வெடிப்பு. என் மகள் அதற்கு உப்புத்தாள் என்று பேர் வைத்திருக்கிறாள். பதினொரு வயதிலேயே என் கையால் தலை பின்னிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். முடியெல்லாம் வெடிப்பில் மாட்டி இழுக்கிறதாம். “கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்மா, இது உன் கைதான்னு” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரித்துத்தான் வைப்பேன்.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் மூக்கர். சுத்தத்தைக் கண்ணால் பார்க்க மாட்டார். கழிவறை வாசலில் நின்று மூக்கை இரண்டு தடவை உறிஞ்சுவார். காரமாக அடித்தால் சுத்தம், அடிக்காவிட்டால் அழுக்கு. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. என் விரல் விழாத நாட்களில் தன் கைப்பட எழுதி வருகை போட்டவர் அவர்தான். ஆனால் போன மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஒண்ணாம் தேதி எல்லாருக்கும் புதுசா பதியப் போறாங்கம்மா. இனிமே கையால எழுதறது கிடையாது. விரல் விழலைன்னா சிஸ்டத்துல பேரு ஏறாது. பேரு ஏறலைன்னா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க.”

அவர் என்ன பண்ண முடியும் என்பது எனக்குத் தெரியும். மாடிப்படிகளைப் பத்தொன்பது வருடம் துடைத்த பெரியக்காவுக்கு என்ன பண்ணினாரோ அதைத்தான். அதற்கு முந்தின மாதம் மாடிப்படி ஆட்களுக்கு மட்டும் முதலில் புதிதாகப் பதிந்தார்கள். அவள் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். நெற்றி எண்ணெயில் தேய்த்து வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள். பத்தும் ஊமை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள். துடைப்பம் மட்டும் ஒரு வாரம் அங்கேயே நின்றது.

என் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. என் வீட்டுக்காரர் ஒரு மொத்தக் கடையின் வேன் ஓட்டுகிறார். சரக்கு இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் வேனைத் துடைப்பார். ஆகவே அன்று மதியமே தோல் டாக்டரிடம் போனேன். அவர் என் விரலை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரேகைக்கு வேர் உள்ளேதான் இருக்கு. மருந்து, ஆசிட் எதுலயும் கை படாம மூணு வாரம் இருங்க. திரும்ப வளரும்.”

“அதைத் தொடறதுதான் சார் என் வேலை.”

“அப்போ லீவு போடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒன்றாம் தேதிக்கு இருபத்துநான்கு நாள் இருந்தது.

வீட்டில் என் மகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஓட்ஸையும் தேனையும் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு வருடமாக அவளுக்கு எல்லாமே இயற்கைதான். சாலட்டுக்கு வாங்கிய வெள்ளரிக்காய் அவள் கண்ணில் போய் உட்காரும். அரிசி கழுவின தண்ணீர் தலைக்குப் போகும். தயிர் எங்கே என்று தேடினால் அது அவள் கன்னத்தில் இருக்கும். கேட்டால், “கடையில வாங்கற க்ரீமெல்லாம் கெமிக்கல்மா. இது செலவே இல்லை” என்பாள். செலவில்லாததெல்லாம் யாரோ ஒருவர் உடம்பில்தான் கழியும் என்று அப்போது நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே அது தெரியாது.

விஷயத்தைக் கேட்டதும் அப்பிய முகத்தோடே திரும்பினாள். “ஆசிட்டுக்குப் பதிலா நாமளே செஞ்சுக்கலாமே! பழத்தோலைச் சர்க்கரை போட்டு ஊற வெச்சா தரை துடைக்கற திரவம் ரெடி. மூணு மாசம் ஊறணும்.”

“மூணு மாசத்துல நான் வீட்டுல ஊறிக்கிட்டிருப்பேன்.”

போனைத் தேய்த்து வேறு வழி கண்டுபிடித்தாள். பூந்திக்காயை ஊறவைத்து, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலோடு கொதிக்கவிட்டு வடிகட்டினால் நுரைக்கிற தண்ணீர் கிடைக்கும். கைக்குக் கெடுதல் இல்லை. இரண்டு நாள்தான் தாங்கும், மூன்றாம் நாள் நாறும். பழத்தோலுக்கு என் வீட்டுக்காரர் பொறுப்பேற்றார். அவருடைய வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழச்சாறு கடை. குப்பைக்குப் போவதைப் பை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள்.

அன்று முதல் என் வீட்டில் ஒன்று விட்டு ஒரு நாள் பெரிய பானை அடுப்பேறியது. வேலை முடிந்து வந்து, தோலைக் கழுவி, நறுக்கி, கொதிக்கவிட்டு, பழைய சட்டைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, கம்பெனியின் வெள்ளைக் கேன் இரண்டில் ஊற்றி மூடுவதற்குள் முதுகு விட்டுப் போகும். சமையல் அதற்குப் பிறகுதான். “வீடு முழுக்கப் பழ வாசனை, தட்டுல பாத்தா நேத்து ரொட்டி” என்று வீட்டுக்காரர் முனகினார். ஆனாலும் மறுநாள் மறக்காமல் பையோடு வந்தார். பாவம், அவர் பசிக்கு முனகலைத் தவிர வேறு என்ன மிஞ்சும்?

கேனை வெளியே இருந்து பார்த்தால் கம்பெனிச் சரக்குதான். உள்ளே இருப்பது தெரியாது. முதல் நாள் மூன்றாம் மாடிக் கழிவறையில் அதை ஊற்றியபோதுதான் ஒரு உண்மை விளங்கியது. ஆசிட்டை ஊற்றினால் அது வேலை செய்யும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை ஊற்றினால் நான் வேலை செய்வேன், அது பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கறைக்கு முன்பு நான்கு தேய்ப்பு என்றால் இப்போது நாற்பது. பத்து மணிக்கு முடிகிற காலைச் சுற்று பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. தேநீர் நேரத்தை விட்டேன். மதியச் சாப்பாட்டைப் படிக்கட்டில் நின்றபடி முடித்தேன். இரவில் மகள் என் கைக்குக் கற்றாழைச் சோற்றையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துத் தடவி, அப்பாவின் பழைய காலுறையை மாட்டிவிடுவாள். காலுறை போட்ட கையோடு போர்வையை இழுக்கக்கூட முடியாது. நல்லவேளை, இழுக்கும் முன்பே தூங்கிவிடுவேன்.

ஐந்தாம் நாள் மூக்கர் நான்காம் மாடி வாசலில் நின்று உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார்.

“ஏம்மா, இன்னிக்கு இங்க கை வைக்கலையா?”

“இப்பதான் சார் முடிச்சேன். ஈரம் கூடக் காயலை, பாருங்க.”

“வாசனையே இல்லையே. மேல இருக்கறவங்க கேப்பாங்கம்மா.”

தரை பளபளவென்று இருந்தது. அவர் முகம் அதில் தெரிந்தது. ஆனால் மூக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கழிவறையிலும், எல்லாம் முடிந்த பிறகு, கதவுக்குப் பின்னால் இருக்கும் சாக்கடைத் துளையில் கம்பெனி மருந்தில் ஒரு மூடி ஊற்றினேன். கை படாமல், கேனைக் காலால் அணைத்துப் பிடித்து. மூக்கர் வந்து உறிஞ்சினார். “ம், இது சுத்தம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவேண்டும். அலுப்பில் அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

மகள் தினமும் என் கட்டைவிரலைப் போனில் படமெடுத்தாள். பத்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினான்காம் நாள் வெடிப்புகள் மூடின. பதினேழாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் தேநீரோடு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

“இந்தா பாரு, கோடு! இங்க ஒண்ணு சுத்திக்கிட்டுப் போகுது பாரு!”

நான் பார்த்தேன். வெங்காயத்தை வெட்டிய மாதிரி, மெல்லிசாக, வட்டத்துக்குள் வட்டம். பதினொரு வருடத்துக்கு முன்னால் இந்த விரல் இப்படித்தான் இருந்திருக்கும். அப்போது நான் பார்த்ததில்லை. யார் தன் கட்டைவிரலை உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

இருபத்திரண்டாம் நாள் மெஷின் என்னை இரண்டாம் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. “நன்றி” என்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு ஐந்தாம் மாடிப் படியில் உட்கார்ந்து, மூன்று வாரத்தில் முதல் தடவையாக வேலைக்கு நடுவே தேநீர் குடித்தேன்.

ஒன்றாம் தேதி. கையைக் கழுவி, துடைத்து, கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பின்வாசல் சுவரில் பழைய மெஷின் இல்லை. நான்கு திருகு ஓட்டையும் ஒரு சதுரத் தூசியும் இருந்தன. பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி. என் முறை வந்ததும் விரலை நீட்டினேன்.

“கையை இறக்குங்கம்மா. முகத்தைக் காட்டுங்க” என்றான் அதை மாட்டிக்கொண்டிருந்தவன். “விரல் மெஷினை எடுத்துட்டாங்க. நிறைய பேருக்கு விழலைன்னு கம்ப்ளெயிண்ட்டாம். இனிமே கேமராதான்.”

நான் விரலை நீட்டியபடியே நின்றேன் போலிருக்கிறது. மூக்கர்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். பெட்டி என் முகத்தை ஒரு நொடி பார்த்தது. “நன்றி” என்றது. அதே பெண் குரல். தூக்கம் கெட்ட கண்ணும் ஒட்டிய கன்னமுமாக இருந்த அந்த முகத்தில் அது எதைக் கண்டதோ, ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. இந்தப் பெட்டி ஒரே ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் பெரியக்கா இன்றைக்கு என் பின்னால் நின்றிருப்பாள்.

மூக்கர் என்னோடு லிஃப்ட் வரை வந்தார். கையில் புது ஆசிட் கேனும், ஒன்றாம் தேதிக்கான புதுக் கையுறையும்.

“அந்தத் தண்ணியை இனிமே கொண்டு வரவேண்டாம்மா. எனக்குத் தெரியும். சாக்கடையில மட்டும் வாசனை வருது, தரையில வரலை. எனக்கு இருக்கறது மூக்கு ஒண்ணுதானே? விரலுக்காகத்தான் கஷ்டப்படறீங்கன்னு கண்டுக்காம விட்டேன்.” கேனை என் பக்கம் நீட்டினார். “இனிமே விரல் எதுக்கு?”

கேனையும் கையுறையையும் வாங்கிக்கொண்டேன். அன்று புதுக் கையுறை மாட்டிக்கொண்டு மூன்று மாடியையும் ஆசிட்டில்தான் கழுவினேன். காலைச் சுற்று பத்து மணிக்கு முடிந்தது. முதுகு வலிக்கவில்லை. மதியம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை மறைத்துப் பேசினால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் பானை இருந்தது. வீட்டுக்காரர் தோலையெல்லாம் தானே நறுக்கிப் போட்டு, கரண்டியோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். நடந்ததைச் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

“அப்போ மூணு வாரம் பட்ட பாடு?”

“பட்டது பட்டதுதான்.”

“வேலை இருக்குல்ல, அது போதும் விடு.” பானையைப் பார்த்தார். “இது இனிமே எதுக்கு? அணைச்சிடவா?”

ஒரே நாளில் இரண்டு ஆண்கள் ஒரே கேள்வி. உள்ளே போனேன்.

மகள் பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். முகம் முழுக்கக் கற்றாழையும் ஓட்ஸும், கண் இரண்டிலும் வெள்ளரி வில்லைகள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றிப் பூச்சில் நான்கு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். முடி மாட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. நெற்றியின் குளிர்ச்சி விரலில் தெரிந்தது. பூச்சு பாதி ஈரம், பாதி காய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது.

“யாரு?” என்றாள், பூச்சு வெடிக்காதபடி உதட்டை மட்டும் அசைத்து.

“நான்தான்.”

“அம்மாவா? இது உன் கை இல்லையே.”

மெஷின்கூட என்னை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அவள் என் கையைத் துழாவிப் பிடித்தாள். கட்டைவிரலைக் கண்டுபிடித்து, தன் விரலால் அதன் மேல் சுற்றிச் சுற்றித் தடவினாள். வெகு நேரம் தடவினாள்.

“மெஷின் எடுத்துக்கிச்சா?”

“அதுக்கு இது வேண்டாமாம்.”

என் உள்ளங்கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “இது காய இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் எடுக்காதே. அப்புறம் பின்னி விடு.”

நான் அழுதேன். அவள் கண்ணில் வெள்ளரி இருந்ததால் சௌகரியமாக அழ முடிந்தது.

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. “ஏம்மா, நுரை பொங்கி வழியுது! அணைச்சிடவா, வேண்டாமா?”

“வேண்டாங்க” என்றேன். “தீயைக் குறைச்சு வைங்க. நாளைக்கு எடுத்துட்டுப் போகணும்.”