ரொறன்ரோ வரைக்கும் கூட்டாத வீடு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. எங்கள் கடற்கரை ஊர் உடப்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலுள்ள தூரத்தை வீடு கூட்டும் தும்புத்தடியால் அளந்த ஒரு கெட்டிக்காரியின் கதை சொல்கிறேன். அந்தக் கெட்டிக்காரி நான்தான்.

பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கூட்டினால் அவர் போகும் வழியையே கூட்டித் தள்ளியதாகிவிடுமாம். சிலாபத்துக்கு பஸ் ஏறினவர் என்றால், சோறு கறி ஆக்கி முடிப்பதற்குள் கூட்டிவிடலாம். என் மகன் அருள்குமரன் ஏறியதோ விமானம். கொழும்பிலிருந்து டுபாய், அங்கிருந்து ரொறன்ரோ.

"நேராப் பறந்தாலே பதினாலாயிரம் கிலோமீற்றர் கிட்ட வரும் அம்மா," என்றாள் மகள் கோசலா. "நாளைக்குப் பின்னேரம் முன்னேஸ்வரத்தில இருந்து என்னைப் பார்க்க வாறாங்க. அதுவரைக்கும் கூட்டாமலா இருப்பீங்க?"

"உன்னைத்தானே பார்க்க வாறாங்க, தரையையா?"

மறுநாள் மதியத்துக்குள் காற்று பாதிக் கடற்கரையை உள்ளே கொண்டுவந்துவிட்டது. கருவாட்டுச் செதிலைத் தூக்கிக்கொண்டு எறும்புகள் ஊர்வலம் போயின. "பிளேன் எங்க?" என்று கேட்பேன். கோசலா போனைப் பார்த்து, "இன்னும் கடலுக்கு மேல," என்பாள். நானே ஓட்டுகிற மாதிரித் தலையாட்டுவேன்.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் ஏறிவந்த வான் வந்து நின்றது. புதுச் சேலையோடு கோசலா அந்த மணலுக்கு நடுவே நின்றதைப் பார்த்ததும் என் வைராக்கியம் போன இடம் தெரியவில்லை. தும்புத்தடியால் நாலு இழுப்பு. குப்பை முழுவதும் பாய்க்குக் கீழே.

மாப்பிள்ளையின் தாய் இராசமலர் வாசற்படியிலேயே நின்று தரையைப் பார்த்தாள்.

"அக்கா, மகன் போய்ச் சேர்ந்திட்டாரா?"

"இல்ல... பறந்துகொண்டிருக்கிறான்."

"அதுக்குள்ள கூட்டிப்போட்டீங்களா? என்ட மகன் கப்பலேறினா, அது துறைமுகம் சேருமட்டும் நாங்க தும்புத்தடியத் தொடவும் மாட்டம்."

கோசலாவின் முகம் வாடியது. ஊருக்கெல்லாம் வழக்கம் படிப்பித்துத் திரிந்தவள் நான். மகனுடைய விமானமும் மகளுடைய கலியாணமும் என் நாலு இழுப்பில் கவிழப் பார்த்தன. வேறு வழியில்லாமல் பாயைத் தூக்கினேன்.

"வெளிய தள்ளயில்ல, தங்கச்சி. எல்லாம் இஞ்சதான் இருக்கு."

மணல், செதில், எறும்புக் குடும்பம், ஒன்றும் குறையவில்லை. இராசமலர் குனிந்து பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"குப்பைக்குப் போர்வை போத்திப் படுக்க வச்ச ஆளை இண்டைக்குத்தான் கண்டன்!"

எறும்பு கடிக்கக் கடிக்க அந்தப் பாயிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தாள். கோப்பை காலியாகுமுன் போன் அடித்தது.

"அம்மா, இறங்கிட்டேன். சரியான குளிர்."

நான் எழும்புவதற்குள் இராசமலர் தும்புத்தடியை எடுத்துவிட்டாள். "ஐயோ, வந்த இடத்தில நீங்க கூட்டுறதா?" என்று பறிக்கப் போனேன்.

"விளக்கு வைக்கிற நேரமாகுது. விடுங்க சம்பந்தி," என்றாள்.

விமானத்தைப் பத்திரமாக இறக்கியது அந்தப் பாய்க்குக் கீழிருந்த குப்பைதான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். விமானியிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து புறப்படுகிற எல்லாரும் சுகமாகப் போய்ச் சேரட்டும், செல்லங்களே. அவர்கள் திரும்பி வரும்போது காலோடு கொண்டுவரும் மண்ணைக் கூட்டிக் கூட்டியே உங்கள் கைகள் அலுக்கட்டும்.