ஊரி ஆட்கள்

"ஊரின்ரை பேரைச் சொல்லுங்கோ பிள்ளை."

"ஊரி."

"ஓம், ஊர்தான். அதின்ரை பேர்?"

"பேர்தான் ஊரி. ஊ... ரி."

சர்மிளா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அப்பாவின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கிறகரி இறந்து இருபது மணித்தியாலம் ஆகியிருந்தது. மறுமுனையில் தமிழ் வானொலிக்காரர் மரண அறிவித்தலை எழுதிக்கொண்டிருந்தார்.

"பேசாலையைப் பிறப்பிடமாகவும்... பேந்து?"

"சுவிஸிலை ஊரி. பேந்து மொன்றியல்."

"ஊரி, சுவிஸ், மொன்றியல் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட... சரி. உடலைப் பார்வைக்கு வைக்கிறது எத்தினை மணிக்கு?"

"ஞாயிறு ரண்டு மணிக்கு. சரியா ரண்டு எண்டு போடுங்கோ. அப்பா அப்பிடி..."

"தெரியும் பிள்ளை."

அவருக்குத் தெரியும். ஆறு மணிச் செய்தி ஆறு இரண்டுக்குத் தொடங்குகிறது என்று கிறகரி அவருக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்திருக்கிறார்.

கிறகரி இறந்தது பஸ் தரிப்பிடத்தில், கை மணிக்கூட்டைப் பார்த்தபடி. பஸ் நான்கு நிமிடம் பிந்தியது. மாரடைப்பு பிந்தவில்லை.

சர்மிளாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவர் பேசாலையிலிருந்து போனார். சுவிஸில் அகதிகளை மாகாணம் மாகாணமாகப் பங்கிட்டார்கள். கடற்கரையில் பிறந்த மனிதருக்கு ஊரி விழுந்தது. நாலு பக்கமும் மலை. குளிர்காலத்தில் வெயில் பள்ளத்தாக்கின் அடிக்கு வராமலே திரும்பிப் போய்விடும். அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் ஒன்பது வருடம் சட்டி கழுவினார். பிறகு, ஏற்கெனவே கனடா வந்துவிட்ட மனைவி அக்னெஸும் சர்மிளாவும் ஸ்பொன்சர் செய்து அவரை மொன்றியலுக்கு எடுத்தார்கள். ஊரிக்கு ஒன்பது வருடம். இவர்களுக்கு ஏழு.

அந்த ஏழு வருடமும் அவர் ஊரியைப் பற்றியே கதைத்தார். "நான் இருந்தது மத்திய சுவிஸ். அது மாகாணமில்லை, விளங்குதோ? ஆறு மாகாணத்தைச் சேர்த்துப் புள்ளிவிபரம் எடுக்க வைச்ச பேர். அதுக்கு அரசாங்கமில்லை, கொடியில்லை, கடலில்லை. ஆனால் என்னையும் எண்ணினவங்கள்." கேட்பவர் நழுவப் பார்த்தால் தோளைப் பிடித்துக்கொள்வார். மொன்றியலின் நடுவில் இருக்கும் மலையை மலை என்று யாராவது சொன்னால் சிரிப்பார். "இதுவோ? இது மண்கும்பி." கலியாணம் நாற்பது நிமிடம் பிந்தினால் எழுந்து மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய், "சுவிஸிலை எண்டால் இப்ப சாப்பிட்டு முடிஞ்சிருக்கும்" என்பார். அப்படி ஒருவர் ஒருவராகப் பங்குக் கோயில் ஆட்கள் எல்லோரும் இவர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

"பெரிய மண்டபத்தை எடு," என்றாள் அக்னெஸ்.

"ஆர் அம்மா வரப் போகினம்?"

"வருவினம்."

"பேசாலை ஆக்கள் இஞ்சை மூண்டு குடும்பம். மூண்டோடையும் அப்பா கதையில்லை."

"வெறுங் கதிரையளைப் பாத்துக்கொண்டு நான் இருக்கேலாது, சர்மி. வருவினம்."

அம்மா அழவில்லை. செத்த வீட்டில் அழாதவள் கதிரைக்காக அழுதுவிடுவாளோ என்பதுதான் சர்மிளாவின் பயம். பெரிய மண்டபத்தையே எடுத்தாள். நூற்றிருபது கதிரை.

ஞாயிறு ஒன்றேமுக்காலுக்கு அவள் வீட்டு முன்னறையில் தொங்கிய ஊரி மாகாணக் கொடியைக் கொண்டுவந்து பெட்டியின் தலைமாட்டில், சிலுவைக்குப் பக்கத்தில், ஊசி குத்தி மாட்டினாள். மஞ்சள் துணியில் கறுப்பு எருதின் தலை. மூக்கில் சிவப்பு வளையம், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு. மண்டபத்துக்குப் பொறுப்பான பிரெஞ்சுக்காரன் கைகட்டி நின்று பார்த்தான். எந்த ஹொக்கி அணி என்று மரியாதையாகக் கேட்டான்.

இரண்டு மணி. ஒருவருமில்லை. இரண்டு பத்து. ஹென்றி வந்தார். அவருடைய மகனின் கலியாணத்தில்தான் அந்த நாற்பது நிமிடம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, உறுதி செய்துகொண்டவர்போலத் தலையாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அக்னெஸ் முன் வரிசையில் நிமிர்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நூற்றுப் பதினேழு வெறுங் கதிரை.

இரண்டு முப்பத்தைந்துக்கு வாசலில் பூட்ஸ் உதறும் சத்தம் கேட்டது. ஒரு சோடி அல்ல, நாற்பது சோடி. கதவு திறந்தது. முன்னால் ஒரு வயதானவர், நெற்றியில் மூன்று குறி திருநீறு, கையில் சுருட்டிய தாள். பின்னால் வேட்டிக்கு மேல் குளிர்க் கோட்டுப் போட்டவர்கள், சேலைக்கு மேல் போட்டவர்கள், இரண்டு கைக்குழந்தைகள். வந்துகொண்டே இருந்தார்கள்.

"நான் நகுலேஸ்வரன்," என்றார் முன்னால் வந்தவர். "காரைநகர் ஆக்கள். றேடியோவிலை கேட்டம். ஊரியிலை இருந்த ஒரு ஆள் இஞ்சை இவ்வளவு காலம் இருந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாமல் போச்சே பிள்ளை!"

சர்மிளாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அந்தக் காற்புள்ளி விளங்கியது. ஊரி, சுவிஸ், மொன்றியல். யாழ்ப்பாணத்தில், காரைநகரில், ஊரி என்று ஒரு குறிச்சி இருக்கிறது. ஒரு பனைக்கு மேல் உயரமான எதுவும் அங்கே இல்லை.

வாயைத் திறந்தாள். அதற்குள் ஞானாம்பிகை என்ற பெண் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"கிறகரி எண்ட பேரிலையே வேதக்காரர் எண்டு தெரிஞ்சுது. எண்டாலும் ஊர் ஊர்தானே. ஊரியை நினைப்பாரோ?"

"நினைக்காத நாளில்லை," என்றாள் அக்னெஸ். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"பாவம்."

"அந்தத் தண்ணிதான் தண்ணி எண்டுவார்."

ஞானாம்பிகை யோசித்தாள். "எங்கடை பக்கம் எல்லாம் உப்பெல்லே?"

"இவருக்கு நல்ல தண்ணி."

"ஊர்ப் பாசம்," என்று ஞானாம்பிகை கண்ணைத் துடைத்தாள்.

நகுலேஸ்வரன் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார். கூட்டமும் நின்றது.

"நந்தி," என்றார் மெல்ல.

"நந்தி இருக்கிற மாதிரியெல்லே கிடக்கும்? இது தலை மட்டும்," என்றார் ஒருவர்.

"மூக்கணாங்கயிறு கிடக்குப் பார். பேந்தென்ன? வேதத்துக்குப் போயும் மனிசன் நந்தியை விடேல்லை."

அதற்குமேல் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு பேர் சிவபுராணம் தொடங்கினார்கள். கடைசி வரிசையில் ஹென்றி செபமாலையை வெளியே எடுத்து, போட்டிக்கு, சத்தமாக அருள்நிறைந்த மரியே சொன்னார். ஒரு கைக்குழந்தை இரண்டுக்கும் சேர்த்துக் கத்தியது. பிரெஞ்சுக்காரன் வந்து பார்த்துவிட்டு இன்னும் ஆட்கள் வருவார்களா என்று கேட்டான். சர்மிளா அம்மாவைப் பார்த்தாள். அம்மா இப்போது திரும்பி உட்கார்ந்து எல்லா வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இருந்தால் இந்நேரம் எழுந்து நின்றிருப்பார். "பிழை. அது வேறை ஊரி" என்று ஆளாளாகத் தோளைப் பிடித்துத் திருத்தியிருப்பார். மூன்றரைக்குள் மண்டபம் வெறுமையாகியிருக்கும்.

நகுலேஸ்வரன் தாளை விரித்து அஞ்சலியுரை வாசித்தார். எல்லாச் சாவுக்கும் அவர் வாசிப்பது அதைத்தான் என்பது தாளின் மடிப்பில் தெரிந்தது. ஊருக்காக உழைத்தவர், இன்முகம் மாறாதவர், எவர் மனத்தையும் நோகப் பேசாதவர். ஹென்றிக்கு இருமல் வந்தது.

முடித்துவிட்டு அவர் சர்மிளாவிடம் வந்தார்.

"ஒரு சின்ன விசயம் பிள்ளை. கணக்குப் புத்தகம் மாதிரி எங்களட்டை ஒரு பேர்ப் பதிவு இருக்கு. அதிலை இவரைச் சேர்க்கவேணும். ஊரியிலை எந்தப் பக்கம்?"

சர்மிளா அம்மாவைப் பார்த்தாள். ஞானாம்பிகை அம்மாவுக்குக் கோப்பியை ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மலைப்பக்கம்," என்றாள்.

நகுலேஸ்வரனின் பேனை தாளைத் தொடவில்லை. அவர் மேசையிலிருந்த படத்தைப் பார்த்தார். வெள்ளைக் குசினி உடுப்பில் கிறகரி, முழங்கால் வரை பனி, பின்னால் படத்துக்குள் அடங்காத மலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு எருதைப் பார்த்தார். அதன் நாக்கையும் பார்த்தார். பிறகு திரும்பி, அக்னெஸைச் சுற்றி இருந்த தன்னுடைய நாற்பது பேரையும் பார்த்தார்.

"மலைப்பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை," என்றார்.

பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

"ஒன்பதரைக்கு."

"சரியாவோ?"

"சரியா."

"வாறம் பிள்ளை."

திங்கள் ஒன்பதரைக்குப் பெட்டி வண்டிக்குள் ஏறிவிட்டது. புதைக்கப்போகும் சேமக்காலை அந்த மண்கும்பியின் சரிவில்தான் இருந்தது. வேறு இடம் கிடைக்கவில்லை. பனி சின்னச் சின்னதாக விழத் தொடங்கியது. தெருவில் ஹென்றியின் கார் மட்டும் நின்றது.

சாரதி சர்மிளாவைப் பார்த்துத் தன் மணிக்கட்டைத் தட்டினான்.

"அம்மா?"

அக்னெஸ் அப்பாவின் மணிக்கூட்டைக் கட்டியிருந்தாள். அதைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தாள்.

"ஊரி ஆக்கள் வரட்டும்," என்றாள்.

சர்மிளா சாரதியிடம் காத்திருக்கச் சொன்னாள். அவன் இயந்திரத்தை நிறுத்தாமல், கண்ணாடி துடைப்பானை மட்டும் போட்டுவிட்டு ஒரு சிகரெட் பற்றவைத்தான். ஒன்பது முப்பத்தைந்து. நாற்பது. துடைப்பான் போய்ப் போய் வந்தது.

மூலையில் இரண்டு வான்கள் திரும்பின. ஒரு அவசரமுமில்லாமல் வந்து நின்றன. முதலில் நகுலேஸ்வரன் இறங்கி, வேட்டியைச் சரி செய்து, பின் கதவைத் திறந்து மலர்வளையத்தை எடுத்தார். குறுக்கே நாடா. அதில் 'காரைநகர்' என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் நேராக ஒட்டியிருந்தது. மிச்சம் 'ஊரி மக்கள்'.

அவர் அதைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார். சாரதி கதவைச் சாத்தினான்.

கிறகரி பன்னிரண்டு நிமிடம் பிந்திப் புறப்பட்டார்.